செவ்வாய்க்கிழமை வந்த ஞாயிறு

கத்தி என்று பேர். ஆனால் கத்தக் கூடாது.
திறக்கையில் ஒரு சொல்,
பாதியில் நின்று ஒரு சொல்,
மடங்கும்போது முடிவாய் ஒன்று.
'நடக்கணும், பேசணும்' என்பது ஷெஃபீல்டில் எங்கள் பட்டறைப் பேச்சு.
முனகினால் வில் சோம்பேறி.
அலறினால், அலகின் வாய்
உள்ளே வில்லைக் கடிக்கிறது.

அதற்குச் சிகரெட் தாள் வைத்திருக்கிறேன்.
ஒன்றை இடுக்கில் நுழைத்துப் படக்கென்று மடக்குவேன்.
முழுசாய் வெளிவந்தால் வலப்பக்கம்,
இரண்டாய் வந்தால் இடப்பக்கம்.
நான் புகைப்பதில்லை என்றால்
முக்குக்கடைக்காரன் நம்புவதில்லை.

பிறகு கட்டைவிரல்.
திறந்து, பாதி திறந்து, மூடி,
மூன்று நிலையிலும் முதுகு ஒரே மட்டமாய் இருக்கவேண்டும்.
ரேகை இடறினால் அது மலை.
அரத்தை எடு.

கடைசியில் வெளிச்சம்.
வில்லுக்கும் பித்தளைத் தகட்டுக்கும் நடுவே
ஒரு நூல்கூட ஒழுகக் கூடாது.
வடக்கு ஜன்னலில் உயர்த்திப் பிடித்து
ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பேன்.
இங்கேதான் நவம்பர் குறுக்கே வந்தது.

நாற்பது கத்தி, டெர்பிஷயர் ஆடு வளர்ப்போர் சங்கத்துக்கு.
குளம்பு சீவும் மழுங்கல் மூக்கு அலகு,
மான்கொம்புப் பிடி,
விறைத்த விரலின் நகத்துக்கும் அகப்படும் பள்ளம்.
வியாழன் கெடு.
புதனிலிருந்து வானம் ஈரச் சாக்கு.
நாற்பதும் தேறின.

அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.
மூட்டத்தில் எல்லாக் கத்தியும் நல்ல கத்தி.

'நூறு வாட் பல்பு எதற்கு இருக்கிறது?'
என்றான் கூட்டாளி ரோலண்ட் டிங்லி,
பெட்டிகளுக்குக் கயிறு வெட்டியபடி.
'பல்பு நம் சம்பளத்தில் இருக்கிறது, ரோலண்ட்.
அது சாட்சி சொல்லாது.'

சங்கச் செயலாளர் திருமதி அல்லாட் தொலைபேசியில் வந்தார்.
பின்னால் ஏதோ கிடா செருமியது.
'சனிக்கிழமை பரிசளிப்பு.
ஆடு என்ன, இடுக்கில் வெளிச்சமா பார்க்கப் போகிறது?'
'ஞாயிறு வரட்டும்' என்றேன்.
'அதற்குள் எல்லாம் முடிந்துவிடும்' என்றார்.
நான் சொன்னது கிழமையை அல்ல.

சனிக்கிழமை நாற்பது பேர்
கையில் சீட்டோடு வீடு போனார்கள்:
'பரிசு தபாலில் வரும்.'
ரோலண்ட் என்னோடு
தேநீர் குடிக்க வரவில்லை.
கிழமை ஞாயிறு மழையில் கழிந்தது.
திங்கள் வாடகை கேட்டு வந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை பத்தரைக்கு வந்தது ஞாயிறு.
எதிர்க்கூரையின் ஈர ஓட்டில் பட்டுத் திரும்பி
ஜன்னல் வழியாக மேசைமேல் விழுந்தது.
ஒவ்வொன்றாய்த் தூக்கினேன்.
ஒன்று, இருட்டு. இரண்டு, இருட்டு.
பதினேழாவதில்
கூந்தல் நரைபோல் ஒரு கோடு.
முப்பத்தொன்றில் இன்னொன்று.

'இரண்டே இரண்டு' என்றான் ரோலண்ட்.
'அதற்கா இத்தனை?'
குரலில் கோபம்கூட இல்லை.

பதில் வரவில்லை எனக்கு.
பேச்சை மாற்றவோ என்னவோ
மேலங்கிப் பையில் கை போனது.
என் கத்தி. பத்தொன்பது வருஷமாய்
நூல் அறுக்க, உள்ளங்கை முள் எடுக்க,
மதியம் ஆப்பிள் சீவ,
என் முத்திரை குத்திய என் கத்தி.
வெயில் இருக்கிறதே என்று உயர்த்தினேன்.

நூல் இல்லை. நாடா.

வில்லின் பாதி நீளத்துக்கு
மஞ்சளாய், தாராளமாய்,
கதவிடுக்கில் தெரியும் அடுத்த வீட்டுக் கூடம்போல.
திறந்தேன், மடக்கினேன்.
மூன்று சொல்லும் தெளிவாகத்தான் சொன்னது.
தாள் வைத்தேன், முழுசாய் வந்தது.
கட்டைவிரல் எங்கும் இடறவில்லை.

ரோலண்ட் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
பதினேழு, முப்பத்தொன்று,
அவற்றுக்குப் பக்கத்தில், மேசையின் இடப்புறம்
அதையும் வைத்தேன்.

முப்பத்தெட்டு தபாலுக்குப் போயின.
மதியம்
ஆப்பிளைத் தோலோடு கடித்தேன்.